தீராத தாகம்

ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கிவிட்டால் தென்காசி வட்டாரத்துக்கே ஒரு தனிக்களை வந்துவிடுகிறது. மலைமுகட்டில் மேகம் இறங்கி நிற்க, குற்றாலத்தில் பேரருவியும் ஐந்தருவியும் நீர் பெருகி வீழ்கின்றன. பேரருவியில் விழும் நீர் சிற்றாறாக ஓடித் தென்காசியைத் தொட்டுக்கொண்டு கிழக்கே சென்று தாமிரபரணியில் கலக்கிறது. இத்தனை நீருக்கு நடுவே வாழும் ஒருவர், "தாகம், தாகம்" என்று தவிப்பதாக நினைத்துப் பாருங்கள். செம்பு செம்பாகக் குடிக்கிறார், தாகம் தணியவில்லை. குடித்த நீர் முழுவதும் சிறுநீராகப் போய்விடுகிறது. இரவில் ஏழெட்டு முறை எழுந்திருக்கிறார்.

"சர்க்கரை நோயாக இருக்கும்" என்று வீட்டில் சொல்வார்கள். இரத்தத்தைச் சோதித்தால் சர்க்கரை சரியான அளவில் இருக்கிறது. "அப்படியானால் ஒன்றுமில்லை" என்று எல்லாரும் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். ஆனால், வாசகர்களே, ஒன்றுமில்லை என்று விட்டுவிடக் கூடாத தாகமும் உண்டு. சில வேளைகளில் அந்தத் தாகத்தின் மூலகாரணம் நுரையீரலில் ஒளிந்திருக்கும். நுரையீரலுக்கும் தாகத்துக்கும் என்ன தொடர்பு? இதை மருத்துவ உலகம் கண்டறிந்த வரலாறு சுவையானது. நமக்குப் பயனுள்ளதும் கூட.

இனிப்பும் சப்பும்

சிறுநீர் மிகுதியாகப் போகும் நோயைப் பண்டை மருத்துவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். சரகரும் சுசுருதரும் இருபது வகை மேகநோய்களைக் கூறினர். அவற்றில் ஒன்று தேன்போல் இனிக்கும் மதுமேகம். மற்றொன்று நீர்போலவே தெளிந்து போகும் உதகமேகம். நம் சித்த மருத்துவமும் சிறுநீர் நோய்களை நீரினை அருக்கல், நீரினைப் பெருக்கல் என்று இரண்டாக வகுத்தது. மிகுந்து போகும் சிறுநீர் எல்லாம் ஒரே நோயினால் அல்ல என்ற கருத்து நம் நாட்டில் பழமையானது என்பது இதனால் விளங்கும்.

ஐரோப்பாவில் இந்த வேறுபாடு மெல்லவே தெளிவாயிற்று. 1674-இல் ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸ், நோயாளியின் சிறுநீர் தேனும் சர்க்கரையும் கலந்ததுபோல் இனிப்பதாக எழுதினார். 1776-இல் மாத்யூ டாப்சன் அச்சிறுநீரைக் காய்ச்சி வற்றவைத்து, அதில் சர்க்கரை இருப்பதைக் காட்டினார். அதன்பின் வில்லியம் கல்லன், ஜோஹன் பீட்டர் ஃபிராங்க் முதலியோர், சர்க்கரையே இல்லாமல் வெறும் நீராகப் பெருகும் நோயைத் தனியே பிரித்தனர். அதற்கு 'டயபடீஸ் இன்சிபிடஸ்' என்று பெயர். சுவையற்ற, சப்பென்ற நீர்ப்பெருக்கு என்பது அதன் பொருள். நாம் அதனைச் 'சர்க்கரையில்லா நீரிழிவு' என்று வழங்குவோம்.

பெயர் வைத்தாயிற்று. காரணம் என்ன? அதை அறிய மேலும் நூறாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

சளி வடியும் குழாயா?

மூளையின் அடிப்பகுதியில், மூக்கின் வேருக்குப் பின்னால், எலும்பில் சிறு குழி ஒன்று உண்டு. அது பார்ப்பதற்குத் துருக்கியர் குதிரைமேல் இடும் சேணம் போலிருப்பதால் 'துருக்கிச் சேணம்' என்றே பெயர் பெற்றது. அந்தக் குழிக்குள் பட்டாணியளவே உள்ள ஒரு சுரப்பி அமர்ந்திருக்கிறது. எடை ஏறத்தாழ அரை கிராம்.

மூளையில் உண்டாகும் சளி இதன் வழியாக மூக்குக்கு வடிகிறது என்று கிரேக்க மருத்துவர் கேலன் கருதினார். 1543-இல் உடற்கூற்றியல் அறிஞர் வெசாலியஸும் அதே கருத்தில், சளியைக் குறிக்கும் 'பிட்யூட்டா' என்ற லத்தீன் சொல்லால் இதைக் குறிப்பிட்டார். பிட்யூட்டரி என்ற பெயரும், தமிழில் நாம் கூறும் 'கபச் சுரப்பி' என்ற பெயரும் இப்படி வந்தவையே. மூளைக்கும் மூக்குக்கும் இடையே சளி வடிய வழியே இல்லை என்று பதினேழாம் நூற்றாண்டிலேயே காட்டிவிட்டார்கள். கருத்து பொய்த்தது; பெயர் மட்டும் நிலைத்துவிட்டது!

இச்சுரப்பிக்கு முன்மடல், பின்மடல் என இரு பகுதிகள் உண்டு. 1895-இல் லண்டனில் ஆலிவர், ஷேஃபர் என்ற இருவரும் இச்சுரப்பியின் சாற்றை விலங்குகளுக்குச் செலுத்தியபோது இரத்த அழுத்தம் உயர்ந்தது. மூன்றாண்டுகளுக்குப் பின், அந்த ஆற்றல் பின்மடலில்தான் இருக்கிறது என்று ஹோவல் கண்டார். சளிக்குழாய் என்று தள்ளப்பட்ட உறுப்பு, இரத்தத்தில் மருந்து போன்ற பொருளைக் கலக்கும் நாளமில்லாச் சுரப்பி என்பது உறுதியாயிற்று.

ஒரு துப்பாக்கிக் குண்டு சொன்ன உண்மை

1912-ஆம் ஆண்டு. ஜெர்மானிய மருத்துவர் ஆல்ஃபிரட் எரிக் ஃபிராங்க் ஒரு விந்தையான நோயாளியைப் பற்றி எழுதினார். நெற்றிப்பொட்டில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தும் உயிர் பிழைத்த மனிதர் அவர். அவருக்கு அடங்காத தாகமும் சிறுநீர்ப் பெருக்கும் இருந்தன. எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தபோது, துருக்கிச் சேணத்தின் பின்பகுதியில் குண்டு தங்கியிருந்தது! பின்மடல் கெட்டதால்தான் சிறுநீர் பெருகுகிறது என்று ஃபிராங்க் முடிவு செய்தார்.

அடுத்த ஆண்டே, 1913-இல், இத்தாலியில் ஃபாரினியும் ஜெர்மனியில் ஃபான் டென் ஃபெல்டனும் தனித்தனியே ஒரு மருத்துவத்தைச் செய்து பார்த்தனர். விலங்குகளின் பின்மடல் சாற்றை நோயாளிக்கு ஊசியாகப் போட்டவுடன் சிறுநீர் குறைந்தது, தாகம் தணிந்தது. ஊசி நின்றால் தாகம் திரும்பியது. காரணமும் மருந்தும் ஒருங்கே கைக்கு வந்தன.

இதே காலத்தில்தான் புற்றுநோயும் இந்தக் கதைக்குள் நுழைகிறது. உடலின் வேறோர் இடத்தில் தோன்றிய புற்று பிட்யூட்டரிக்குப் பரவியிருப்பதை 1857-லேயே பெஞ்சமின் என்பவர் ஒரு சவப் பரிசோதனையில் கண்டு எழுதியிருந்தார். ஆனால் அதனால் விளையும் தொல்லை என்ன என்பது அப்போது தெரியாது. ஹாம்பர்க் நகரின் நோய்க்குறியியல் வல்லுநர் மோரிஸ் சிம்மண்ட்ஸ், மார்பகப் புற்றுநோயுடன் சிறுநீர்ப் பெருக்கும் கண்டிருந்த ஒரு பெண்ணின் பிட்யூட்டரியைச் சோதித்தார். புற்று பின்மடலை அரித்திருந்தது. ஃபிராங்கின் நோயாளியிடம் குண்டு செய்த வேலையை இங்கே புற்று செய்திருந்தது.

நாள்தோறும் 180 லிட்டர்

அந்தப் பின்மடல் அப்படி என்னதான் செய்கிறது? நம் சிறுநீரகங்கள் ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. ஆனால் நாம் வெளியேற்றுவது ஒன்றரை, இரண்டு லிட்டர்தான். மற்றதெல்லாம் திரும்பவும் இரத்தத்துக்கே போய்ச் சேருகிறது. பெரும்பகுதி தானாகவே திரும்பிவிடும். கடைசிப் பகுதியை மீட்பதற்கு மட்டும் ஓர் உத்தரவு வேண்டும். அந்த உத்தரவே 'வாசோப்ரெசின்' என்ற ஹார்மோன். குளத்து மடையைத் திறந்து மூடும் மடையனைப் போல அது நீரைக் காக்கிறது. அது இல்லாவிட்டால் மடை திறந்தபடியே கிடக்கும். நாளொன்றுக்குப் பத்து லிட்டரும் அதற்கு மேலும்கூடச் சிறுநீர் போகலாம்.

இந்த ஹார்மோன் பின்மடலில் உற்பத்தியாவதில்லை என்பது மற்றொரு வியப்பு. மேலேயுள்ள ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதியின் நரம்பு உயிரணுக்கள் அதை ஆக்குகின்றன. நரம்பிழைகள் வழியே அது கீழிறங்கிப் பின்மடலில் சேமிக்கப்படுகிறது. 1949-இல் பார்க்மன் செய்த ஆய்வு இதை விளக்கிற்று. வின்சென்ட் டு விக்னோ வாசோப்ரெசினின் அமைப்பை அறிந்து, ஆய்வுக்கூடத்திலேயே அதனை ஆக்கிக் காட்டி, 1955-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். 1967-இல் பிராக் நகர விஞ்ஞானிகள் அதன் அமைப்பைச் சற்றே மாற்றி 'டெஸ்மோப்ரெசின்' என்ற மருந்தை உருவாக்கினர். நீண்ட நேரம் வேலை செய்யும் அம்மருந்து இன்றும் மூக்கில் தெளிக்கும் நீர்மமாகவும் மாத்திரையாகவும் பயன்படுகிறது.

நுரையீரலிலிருந்து ஒரு பயணம்

இனி நுரையீரலுக்கு வருவோம். இன்று எங்கும் கேள்விப்படும் நுரையீரல் புற்றுநோய் ஒரு காலத்தில் அரிய நோயாக இருந்தது என்றால் நம்புவீர்களா? 1912-இல் ஐசக் ஆட்லர் உலகெங்கும் வெளிவந்த குறிப்புகளைத் திரட்டியபோது அவருக்குக் கிடைத்தவை 374 நோயாளிகளின் விவரங்களே. அதன்பின் சிகரெட் பழக்கம் பரவியது. சில பத்தாண்டுகள் கழித்து நோயும் பரவியது. 1950-இல் அமெரிக்காவில் வைண்டரும் கிரஹாமும், இங்கிலாந்தில் டாலும் ஹில்லும் புகைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை எண்களால் நிறுவினர். இவர்களில் எவார்ட்ஸ் கிரஹாம், 1933-இல் புற்றுநோய்க்காக ஒரு முழு நுரையீரலையே அகற்றி நோயாளியைப் பிழைக்கவைத்த அறுவை மருத்துவர். தாமும் புகைபிடித்தவர். 1957-இல் அவரும் நுரையீரல் புற்றுநோயாலேயே இறந்தார்.

இந்தப் புற்று பிட்யூட்டரிக்கு எப்படிப் போகிறது? குடலில் தோன்றும் புற்றின் உயிரணுக்கள் இரத்தத்தில் கலந்தால் முதலில் கல்லீரல், பிறகு நுரையீரல் என இரண்டு சல்லடைகளைக் கடக்க வேண்டும். நுரையீரலில் தோன்றும் புற்றுக்கு அத்தடைகள் இல்லை. அங்கிருந்து இரத்தம் நேரே இதயத்தின் இடப்பக்கம் சென்று, தமனிகள் வழியே மூளை முதல் பாதம் வரை பாய்கிறது. புற்றின் உயிரணுவும் அதனுடன் பயணம் செய்கிறது.

சென்ற இடத்தில் எல்லாம் அது முளைப்பதில்லை. 1889-இல் ஸ்டீபன் பாஜெட், விதையும் அதற்கேற்ற மண்ணும் சேர்ந்தால்தான் புற்று முளைக்கும் என்றார். பிட்யூட்டரியில் எந்த மண் வாய்ப்பானது? பின்மடலுக்குத் தமனி இரத்தம் நேரடியாக வருகிறது. முன்மடலுக்கோ பெரும்பாலும் ஹைப்போதலாமஸ் வழியாகச் சுற்றி வரும் நுண்சிரைகளின் இரத்தமே கிடைக்கிறது. ஆகவே தமனி வழி வரும் புற்று பெரிதும் பின்மடலிலேயே முதலில் இறங்குகிறது. பிட்யூட்டரியிலேயே தோன்றும் சாதாரணக் கட்டிகள் முன்மடலைச் சேர்ந்தவை. அவை சர்க்கரையில்லா நீரிழிவை உண்டாக்குவது மிக அரிது. எனவே பிட்யூட்டரிக் கட்டியுடன் திடீரென்று தாகமும் சேர்ந்து வந்தால், "இது வெளியிலிருந்து வந்த புற்றாக இருக்குமோ?" என்று மருத்துவர் ஐயுறுகிறார். பெண்களுக்கு மார்பகப் புற்றும், ஆண்களுக்கு நுரையீரல் புற்றும் இவ்வாறு பரவுவதில் முன்நிற்கின்றன.

அச்சம் வேண்டாம், இது அடிக்கடி நேர்வதன்று. 1981-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், புற்றுநோயால் இறந்த 500 பேரைச் சோதித்ததில் நூற்றுக்கு மூன்று, நான்கு பேரிடமே பிட்யூட்டரியில் புற்று காணப்பட்டது. அவர்களிலும் பலருக்கு உயிருடன் இருந்தபோது அதற்குரிய அறிகுறி எதுவும் தோன்றுவதில்லை. ஆனால் ஒரு சிலருக்கு இந்தத் தாகமே, நுரையீரல் நோயை அறிவிக்கும் முதல் மணியாக ஒலிக்கிறது.

பெருக்கும் நோய், தேக்கும் நோய்

நுரையீரல் புற்று நேர்மாறான விளையாட்டும் ஆடும். 1957-இல் ஷ்வார்ட்ஸ், பார்ட்டர் முதலியோர் இரண்டு நுரையீரல் புற்று நோயாளிகளைப் பற்றி எழுதினர். அவர்கள் உடலில் நீர் தேங்கி, இரத்தத்தில் சோடியம் மிகவும் குறைந்திருந்தது. வாசோப்ரெசின் தேவைக்கு மேல் வேலை செய்ததே காரணம். நுரையீரல் புற்று தானே அந்த ஹார்மோனை ஆக்கக்கூடியது என்பது பின்னர் தெரிந்தது. பிட்யூட்டரி இருக்கும் இடத்துக்கே போகாமல், இருந்த இடத்திலிருந்தே அதன் வேலையைத் தான் செய்யும் போலிச் சுரப்பி!

ஒரே நோய், ஒருவரிடம் மடையை மூடிவிடுகிறது, மற்றொருவரிடம் திறந்துவிடுகிறது. முன்னவருக்கு நீரைக் குறைக்க வேண்டும். பின்னவருக்கு நீரைக் குறைத்தால் உயிருக்கே ஆபத்து. ஆகையால் காரணம் தெரியாமல் "தண்ணீர் குடிக்காதே" என்றோ "நிறையக் குடி" என்றோ யாரும் யோசனை சொல்லக் கூடாது.

மலைக்கு இப்பக்கமும் அப்பக்கமும்

இந்த வரலாறு நம் தென்காசிக்கு ஏன் முக்கியம்? ஆலங்குளம், கடையம், கடையநல்லூர், பாவூர்சத்திரம் என்று எந்த ஊர்த் தெருவில் நடந்தாலும், திண்ணையில் தட்டை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்களைக் காணலாம். இலையை நனைத்து, அளவாக நறுக்கி, தூளை வைத்துச் சுருட்டி, நூலால் கட்டி, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி பெறுகிறார்கள். பல குடும்பங்களின் அடுப்பு எரிவது அந்தக் கூலியால்தான். அந்த உழைப்பைக் குறை சொல்ல நாம் வரவில்லை. ஆனால் "சிகரெட்தான் கெடுதல், பீடி நாட்டு இலை, ஒன்றும் செய்யாது" என்ற நம்பிக்கையைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும்.

பீடியில் புகையிலைத் தூள் குறைவு என்பது உண்மை. ஆனால் அதன் இலையில் காற்று எளிதில் புகாது. அணையாமல் இருக்க ஆழமாகவும் அடிக்கடியும் இழுக்க வேண்டும். அதனால் நுரையீரலுக்குள் போகும் நிக்கோட்டினும் தாரும் சிகரெட்டுக்குக் குறைந்தவை அல்ல. 1970-களில் பம்பாயில் நடந்த ஆய்வுகளே, பீடியும் நுரையீரல் புற்றுக்குக் காரணமாகிறது என்று காட்டின.

மலைக்கு அப்பால் வாருங்கள். தென்காசியிலிருந்து செங்கோட்டை, புனலூர் வழியே மலையைக் குடைந்து செல்லும் ரயில் கொல்லத்தை அடைகிறது. கொல்லத்துக்கு வடக்கே கருநாகப்பள்ளி. அங்குள்ள கடற்கரை மணலில் இயற்கையாகவே கதிர்வீச்சு மிகுதி. அதனால் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 1990 முதல் அவ்வட்டார மக்களைக் கணக்கெடுத்துப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. அதில் ஏறத்தாழ 66,000 ஆண்களைப் பற்றி 2008-இல் வெளிவந்த முடிவு என்ன தெரியுமா? பீடி புகைப்போருக்கு, புகைக்காதவரைவிட நுரையீரல் புற்று ஏறத்தாழ நான்கு மடங்கு மிகுதி. நாள்தோறும் புகைக்கும் பீடியின் எண்ணிக்கை கூடக்கூட, புகைத்த ஆண்டுகள் கூடக்கூட, ஆபத்தும் கூடியது.

நம் மாநிலத்திலும் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. சென்னையிலும் விழுப்புரம் வட்டாரத்திலும் இறந்த 43,000 ஆண்களின் புகைப் பழக்கத்தை வி. கஜலட்சுமியும் பிறரும் ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டனர். நம் நாட்டில் காசநோயால் இறக்கும் ஆண்களில் பாதிப்பேரின் சாவுக்குப் புகையே காரணம் என்ற முடிவு பலரையும் திடுக்கிடச் செய்தது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நீடித்த இருமல், சளியில் இரத்தம், உடல் மெலிவு ஆகியவை காசநோய்க்கும் நுரையீரல் புற்றுக்கும் பொதுவானவை. காசநோய் என்றே கருதி மருந்து கொடுத்து, மாதங்கள் கழிந்தபின் புற்று என்று தெரியவருவது நம் நாட்டில் அடிக்கடி நேர்கிறது.

முகமூடி அணியும் நோய்

பிட்யூட்டரியின் முன்மடலும் கெட்டுவிட்டால் தைராய்டு, அட்ரீனல், பாலினச் சுரப்பிகள் ஆகியவற்றுக்கு உத்தரவு நின்றுபோகும். சோர்வு, பசியின்மை, தலைச்சுற்றல், இரத்த அழுத்தக் குறைவு ஆகியவை தோன்றும். "புற்றுநோய்க்காரர் சோர்ந்துதான் இருப்பார்" என்று இவற்றை எளிதாகத் தள்ளிவிடலாம். அங்கேதான் தவறு நேர்கிறது. சுரப்பிக்கு மேலே பார்வை நரம்புகள் குறுக்கிடுவதால் பக்கப் பார்வை குறையலாம். பக்கத்து நரம்புகள் நசுங்கினால் பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரியலாம்.

ஒரு வினோதத்தையும் கேளுங்கள். அட்ரீனலின் கார்ட்டிசால் குறைந்தால் சிறுநீரகத்தால் நீரை நன்கு வெளியேற்ற முடியாது. எனவே வாசோப்ரெசினும் கார்ட்டிசாலும் சேர்ந்து குறைந்தவரிடம் சிறுநீர்ப் பெருக்கு மறைந்து நிற்கும். சோர்வுக்காகவோ மூளை வீக்கத்துக்காகவோ ஸ்டீராய்டு மருந்து கொடுத்ததும் முகமூடி கழன்று, தாகமும் நீர்ப்பெருக்கும் திடீரென்று வெளிப்படும்! மருந்து கெடுதல் செய்துவிட்டது என்று அதை நிறுத்திவிடக் கூடாது. மறைந்திருந்த நோயை அது காட்டிக்கொடுத்திருக்கிறது, அவ்வளவே. குறைந்ததை ஈடுசெய்வதிலும் ஒழுங்கு உண்டு: முதலில் கார்ட்டிசால், பிறகே தைராய்டு ஹார்மோன். முறை மாறினால் ஆபத்து.

இன்று எம்.ஆர்.ஐ. படம் சுரப்பியின் இரு மடல்களையும் தனித்தனியே காட்டுகிறது. இரத்தத்தின் சோடியமும் சிறுநீரின் அடர்த்தியும் நோயைச் சுட்டுகின்றன. டெஸ்மோப்ரெசின் தாகத்தைத் தணிக்கிறது. கதிர் சிகிச்சையும் புதிய மருந்துகளும் புற்றை எதிர்க்கின்றன. உடலெங்கும் பரவிய புற்றை முற்றிலும் போக்குவது இன்றும் அரிதே. ஆனால் இழந்த ஹார்மோன்களை ஈடுசெய்தால், எழுந்திருக்க முடியாமல் கிடந்தவர் எழுந்து உட்கார்ந்து உண்ணவும், வீட்டாரோடு பேசவும், இரவில் உறங்கவும் முடிகிறது. நோயாளிக்கும் குடும்பத்துக்கும் அது சிறிய நன்மையா?

பழைய பெயரும் ஒரு தொல்லையாயிற்று. 'டயபடீஸ்' என்ற சொல்லைக் கண்டு, மருத்துவமனைகளிலேயே இதைச் சர்க்கரை நோய் என்று எண்ணி, டெஸ்மோப்ரெசினைக் கொடுக்காமல் விட்டதால் உயிரிழந்தவர்களும் உண்டு. ஆகவே 2022-இல் பன்னாட்டு நாளமில்லாச் சுரப்பி வல்லுநர்கள் கூடி, 'வாசோப்ரெசின் பற்றாக்குறை' என்ற பொருளில் புதுப்பெயர் சூட்டினர். சளிக்கும் சர்க்கரைக்கும் தொடர்பே இல்லாத ஒரு கோளாறு, சளியின் பெயர் கொண்ட சுரப்பியிலும் சர்க்கரை நோயின் பெயரிலும் நெடுங்காலம் சிக்கிக் கிடந்ததை எண்ணிப் பாருங்கள்!

வாசகர்களே, தாகம் என்றால் முதலில் சர்க்கரையைச் சோதிப்பது சரியே. பெரும்பாலும் விடை அங்கேயே கிடைத்துவிடும். சர்க்கரை சரியாக இருந்தும் தாகமும் சிறுநீர்ப் பெருக்கும் நாள்தோறும் நீடித்தால், இரவுத் தூக்கத்தைக் கெடுத்தால், "ஒன்றுமில்லை" என்று இருந்துவிடாமல் மருத்துவரிடம் மீண்டும் செல்ல வேண்டும். அவர் பீடியோ சிகரெட்டோ பிடித்தவராகவும், விடாத இருமல் உள்ளவராகவும் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு நாளில் எத்தனை செம்பு நீர் குடித்தார், எத்தனை முறை சிறுநீர் கழித்தார் என்று ஒரு தாளில் குறித்துச் செல்லுங்கள். படித்த பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களுக்குச் செய்யக்கூடிய எளிய உதவி இது. அந்தத் தாளின் கணக்கு, மருத்துவரைச் சரியான திசையில் திருப்பிவிடக் கூடும்.